பைக் தொடவே இல்லை என்றால் வழக்கு இல்லையா?

கேட்கப்பட்டது இதுதான். பெங்களூர் அல்சூரில் நடைபாதையில் பூ விற்கும் ஒரு அத்தை, வயது 52. ஒரு சாயங்காலம், பதினேழு வயதுப் பையன் ஒருவன் பைக்கின் முன்சக்கரத்தைத் தூக்கி வீலிங் செய்துகொண்டே ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் வந்திருக்கிறான். எதிரே வந்த ஆட்டோக்காரர் அவன்மேல் மோதாமல் இருக்க இடதுபக்கம் ஒடித்ததில் ஆட்டோ நடைபாதையில் ஏறி அத்தையின் கால்மேல் கவிழ்ந்தது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து ராடு வைத்திருக்கிறார்கள். சர்க்கரை இருப்பதால் புண் ஆறாமல் இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது. போலீஸ் ஆட்டோக்காரர்மேல் மட்டும் கேஸ் போட்டிருக்கிறது. பைக் யாரையும் தொடவில்லை, அதனால் பையனைச் சேர்க்க முடியாது என்கிறார்களாம். அத்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவரே அந்த ஆட்டோக்காரர்தான். அவர்மேல் வழக்கு நடத்த வீட்டில் யாருக்கும் மனசு வரவில்லை. இதற்கிடையில் பையனின் அப்பா வந்து, ஐம்பதாயிரம் தருகிறேன், ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். யார்மேல் கேட்பது, கேட்டால் நிற்குமா?

நிற்கும். பெங்களூரில் விபத்து வழக்குகளையே நடத்திக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: தொடவில்லை என்பது சட்டத்தில் ஒரு தற்காப்பே இல்லை. ஆனால் இப்படிப்பட்ட வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்கள் தோற்பது சட்டத்தின் குறையால் அல்ல. முதல் வாரத்துக் காகிதங்களில் பைக் காணாமல் போய்விடுவதால்தான் தோற்கிறார்கள். அதனால் சட்டம், காகிதம் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். பையனைத் தண்டிப்பது ஒரு வழக்கு, அத்தைக்குப் பணம் வாங்கித் தருவது வேறொரு வழக்கு. இரண்டிலும் 'யாரால் நடந்தது' என்றுதான் கேட்பார்கள், ஆனால் கேட்கும் கடுமை வேறு. தண்டனை வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். விபத்து நஷ்டஈட்டை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும்.

தண்டனை வழக்கை எடுத்துக்கொள்வோம். கவனக்குறைவால் ஒருவருக்குக் கேடு வந்தது என்றால், குற்றம் சாட்டப்பட்டவரின் செயல் அந்தக் கேட்டுக்கு நேரடியான, நெருக்கமான காரணமாக இருக்க வேண்டும். நடுவில் இன்னொருவரின் அஜாக்கிரதை வந்து நுழைந்திருக்கக் கூடாது. 1902-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஓம்கார் ராம்பிரதாப் வழக்கில் வகுத்த அளவுகோல் இது. இன்றைக்கும் இதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். 'அவன் வந்திராவிட்டால் இது நடந்திருக்காது' என்பது மட்டும் போதாது. அப்படிப் பார்த்தால் ஆட்டோவை வாடகைக்குக் கூப்பிட்ட பயணியும்கூடக் காரணம் ஆகிவிடுவார்.

இந்த அளவுகோலை உச்ச நீதிமன்றம் இரண்டு தீ விபத்துகளில் பயன்படுத்தி, இரண்டு விதமான முடிவுக்கு வந்தது. உங்கள் விஷயத்துக்கு அந்த இரண்டும்தான் திறவுகோல், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது 1964-இல் தீர்ப்பான குர்பான் ஹுசேன் ரங்வாலா வழக்கு. பம்பாயில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலை. சூடுபடுத்தாமல் செய்யும் பெயிண்டுக்குத்தான் உரிமம். ஆனால் உள்ளே பர்னர் வைத்துத் தார் காய்ச்சினார்கள். பக்கத்திலேயே வார்னிஷும் டர்பன்டைனும் இருந்தன. ஒருநாள் ஹாதிம் என்கிற பணியாளர் காய்ச்சிய தார் போதுமான அளவு ஆறுவதற்கு முன்பே டர்பன்டைனை ஊற்றிவிட்டார். நுரை பொங்கி வழிந்து தீப்பிடித்தது. ஏழு தொழிலாளர்கள் எரிந்து செத்தார்கள். உரிமத்தை மீறி இடத்தை நடத்திய ரங்வாலாவை மரணத்துக்குக் காரணமானவர் என்று தண்டிக்க முடியாது, நேரடிக் காரணம் ஹாதிமின் அவசரம் என்று சொல்லி அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தார்கள். அதே தீர்ப்பில், நெருப்பைப் பாதுகாப்பில்லாமல் கையாண்ட குற்றத்துக்கான தண்டனையை மட்டும் அப்படியே வைத்தார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இரண்டாவது டெல்லி உப்ஹார் திரையரங்கம். 1997 ஜூன் 13 அன்று கட்டடத்தில் இருந்த மின்சார வாரிய டிரான்ஸ்பார்மர் தீப்பிடித்து, புகை மேலே ஏறி 59 பேர் இறந்தார்கள். டிரான்ஸ்பார்மரைச் சரியாகப் பழுதுபார்க்காதது மின்வாரிய ஆட்கள், நாங்கள் எப்படிப் பொறுப்பு என்றார்கள் அரங்க உரிமையாளர்கள். கேட்பதற்கு ரங்வாலா வழக்கைப் போலவே இருக்கும். ஆனால் 2014-இல் உச்ச நீதிமன்றம் கேள்வியையே சரியாகத் திருப்பிப் போட்டது. தீ எப்படிப் பிடித்தது என்பதல்ல விஷயம், ஜனங்கள் எப்படிச் செத்தார்கள் என்பதுதான். அவர்கள் மூச்சுத் திணறிச் செத்தார்கள். வெளியேறும் வழியை அடைத்து இருக்கை போட்டு வைத்ததால் நேரத்துக்கு வெளியே வர முடியாமல் செத்தார்கள். அந்தக் காரணம் உரிமையாளர்களுடையது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: கடைசியாகச் செயல்பட்டது யார் என்று பார்க்காதே, அந்தக் கேட்டை உண்டாக்கிய ஆபத்து யாருடையது, நடுவில் வந்தவர் தன்னிச்சையாக வேறொரு தவறு செய்தாரா என்று பார். ஹாதிம் யாரும் துரத்தாமல், தானாக அவசரப்பட்டார். உங்கள் ஆட்டோக்காரர் அப்படியா? தன்மேல் பாய்ந்து வருகிற பைக்கைப் பார்த்து, பையனின் உயிரையும் தன் உயிரையும் காப்பாற்றத்தான் கைப்பிடியை ஒடித்தார். யோசிக்க அவருக்குக் கிடைத்தது ஒரு நொடி.

இப்படித் தற்காப்புக்காக ஒருவர் செய்வது காரணச் சங்கிலியை அறுக்காது என்பது மிகப் பழைய தீர்ப்பு. இங்கிலாந்தில் 1773-இல் முடிவான ஸ்காட்-ஷெப்பர்ட் வழக்கைச் சட்டம் படிக்கிற ஒவ்வொருவரும் முதல் வருஷத்திலேயே படிப்பார்கள். கூட்டம் நிறைந்த சந்தையில் ஷெப்பர்ட் என்பவன் கொளுத்திய பட்டாசு ஒன்றை வீசினான். அது இஞ்சி ரொட்டி விற்பவரின் கடைமேல் விழுந்தது. அங்கிருந்த வில்லிஸ் என்பவர் பயந்துபோய் எடுத்து எறிந்தார். அது ரையல் என்பவரின் கடையில் விழ, அவரும் எடுத்து வீசினார். அது ஸ்காட்டின் முகத்தில் வெடித்து ஒரு கண் போயிற்று. வில்லிஸையும் ரையலையும் யாரும் குறை சொல்லவில்லை. முதலில் வீசியவன்தான் பொறுப்பு என்று தீர்ப்பு. நான்கு நீதிபதிகளில் பிளாக்ஸ்டோன் மட்டும் மாறுபட்டார். அவருடைய வாதம் எந்த வகை வழக்காகத் தொடுத்திருக்க வேண்டும் என்பது பற்றியது. இது நஷ்டஈட்டு வழக்கு, தண்டனை வழக்கு அல்ல. ஆனால் நஷ்டஈட்டுச் சட்டத்தில் நம் நீதிமன்றங்கள் இந்த வழியில்தான் நடக்கின்றன. உங்கள் ஆட்டோக்காரர் வில்லிஸின் இடத்தில் இருக்கிறார்.

ஆகவே பையன்மேல் என்னென்ன பிரிவு வரும்? 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 281-ஆவது பிரிவு, மனித உயிருக்கு ஆபத்து வரும்படி பொதுச்சாலையில் தாறுமாறாக ஓட்டுவது: ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம். இதற்கு யாருக்கும் அடிபட வேண்டும் என்றே இல்லை. ஓட்டிய விதமே குற்றம். ரங்வாலா வழக்கில் மிஞ்சி நின்ற தண்டனையை ஞாபகம் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். காரணச் சங்கிலியில் நீதிமன்றம் எதிராகப் போனாலும், ஆபத்தாக நடந்துகொண்ட குற்றம் தனியாக நிற்கும். பைக் தொடவில்லை என்று சொல்லிப் பையனை முழுவதுமாக விட்டுவிட எந்தப் போலீஸுக்கும் இதனால்தான் வழியில்லை. அதற்குமேல் 125(பி): அஜாக்கிரதைச் செயலால் கொடுங்காயம் ஏற்பட்டால் மூன்று வருஷம் வரை சிறை அல்லது பத்தாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். எலும்பு முறிவு என்பது சட்டப்படியே கொடுங்காயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவும், ஆபத்தான ஓட்டம் என்ற முறையில், சேரும்.

பையனுக்குப் பதினெட்டு ஆகாததால் அவன் விசாரணை சிறார் நீதி வாரியத்தில் நடக்கும். அங்கே நோக்கம் திருத்துவது, ஜெயிலில் போடுவது அல்ல. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் வண்டியைக் கொடுத்த அப்பாவுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் 199ஏ என்ற பிரிவை வைத்திருக்கிறது. சிறுவன் வாகனக் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது உரிமையாளர் குற்றவாளி: மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசன்ஸ் கிடையாது. எனக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போனான் என்றால், அதை நிரூபிக்கும் சுமை அப்பாவின் தலையில். அவர் ஏன் ஐம்பதாயிரத்தோடு வீட்டுக்கு வந்தார் என்பது இப்போது புரிந்திருக்கும்.

(ஒருவர் இறந்திருந்தால் கணக்கு வேறு. நியாய சன்ஹிதாவின் 106(1)-இன் கீழ் ஐந்து வருஷம் வரை போகும். 'சாகலாம் என்று தெரிந்தே செய்தான்' என்று காட்ட முடிந்தால் அதையும் தாண்டும். மும்பை பாந்த்ராவின் கார்ட்டர் ரோட்டில் 2006 நவம்பரில் நடைபாதையில் தூங்கிய ஏழு தொழிலாளர்கள்மேல் கார் ஏறிய அலிஸ்டர் பரேரா வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பை உறுதி செய்தது. உங்களுக்கு அது தேவைப்படாததால் விட்டுவிடுகிறேன்.)

சரி, இப்போது பணம். அத்தைக்கு முக்கியமானது இதுதான்.

மோட்டார் வாகனச் சட்டம் 'வாகனம் மோதியதால்' என்று சொல்லவில்லை. வாகனத்தின் பயன்பாட்டால் விளைந்த விபத்து என்கிறது. இதற்கு எவ்வளவு அகலமான அர்த்தம் உண்டு என்பதை நம் பக்கத்து நெடுஞ்சாலையிலேயே பார்க்கலாம். 1987 அக்டோபரில், மகாராஷ்டிரத்தில், புனேயிலிருந்து பெங்களூர் பக்கம் வந்துகொண்டிருந்த பெட்ரோல் டேங்கர் அதிகாலையில் ஒரு லாரியோடு மோதிச் சாலையோரம் கவிழ்ந்தது. பெட்ரோல் கசிந்தது. விடிந்ததும் ஊர் ஜனங்கள் கூடினார்கள். கவிழ்ந்து சுமார் நான்கு மணி நேரம் கழித்து டேங்கர் வெடித்தது. சுற்றி நின்றவர்கள் எரிந்தார்கள், சிலர் இறந்தார்கள். மோதல் எப்போதோ முடிந்துவிட்டது, வண்டி ஓடவே இல்லை, இது எங்கள் பொறுப்பில்லை என்றது எதிர்த்தரப்பு. சிவாஜி தயானு பாட்டீல் வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மோதல், கவிழ்தல், கசிவு, வெடிப்பு எல்லாம் ஒன்றோடொன்று கோர்த்த நிகழ்ச்சிகள், இதுவும் வாகனப் பயன்பாட்டால் விளைந்த விபத்துதான் என்றது. நான்கு மணி நேர இடைவெளியே சங்கிலியை அறுக்கவில்லை என்றால், ஒரு நொடியில் ஆட்டோ ஒடித்தது எப்படி அறுக்கும்?

நம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு ஒன்றும் இருக்கிறது: என்.கே.வி. பிரதர்ஸ் எதிர் கருமை அம்மாள், 1980. இரவில் ஒரு பஸ் தொங்கிக்கொண்டிருந்த உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 26 பேர் பாதிக்கப்பட்டார்கள், எட்டுப் பேர் அங்கேயே இறந்தார்கள். டிரைவர்மேல் நடந்த குற்ற வழக்கு, இது தெய்வச் செயல் என்று விடுதலையில் முடிந்தது. அதைக் காட்டி நஷ்டஈடும் கிடையாது என்று பஸ் முதலாளிகள் வாதிட்டார்கள். நீதிபதி கிருஷ்ண ஐயர் அதைத் தள்ளினார். குற்ற வழக்கில் கேட்கும் அஜாக்கிரதை கடுமையானது, நஷ்டஈட்டில் அந்த அளவு தேவையில்லை. சந்தேகத்தையும் நுணுக்கங்களையும் காட்டி ஏழை ஜனங்களைத் தீர்ப்பாயங்கள் திருப்பி அனுப்பக் கூடாது என்றார். ஆகவே நாளைக்குப் பையன் விஷயம் எப்படி முடிந்தாலும் அத்தையின் மனு அதோடு முடியாது.

இனி ஆட்டோக்காரர். உங்கள் வீட்டில் இருக்கும் தயக்கம் எனக்கு நன்றாகப் புரிகிறது, மதிக்கவும் செய்கிறேன். ஆனால் மனுவில் ஆட்டோவைச் சேர்ப்பது அவரைக் குற்றவாளி ஆக்குவது அல்ல. ஆட்டோவுக்கு இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தால், லைசன்ஸும் சரியாக இருந்தால், பணம் கட்டுவது கம்பெனி, அவர் அல்ல. அவரும் கொஞ்சம் வேகமாக வந்திருக்கலாம் என்று தீர்ப்பாயம் நினைத்தால், இரண்டு வண்டிகளும் சேர்ந்து விளைவித்த கேடு என்று ஆகும். அப்போது பாதிக்கப்பட்டவர் இரண்டு பேரில் யாரிடமிருந்து வேண்டுமானாலும் முழுத்தொகையையும் கேட்கலாம், அவர்கள் தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொள்வது அவர்கள் பாடு. கென்யெய் வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆட்டோவை விட்டுவிட்டுப் பைக்மேல் மட்டும் மனுப் போட்டால், எல்லாத் தவறும் ஆட்டோவுடையது என்று பைக்கின் கம்பெனி வாதாடும். பைக்கை விட்டுவிட்டால் ஆட்டோவின் கம்பெனி அதையே திருப்பிச் சொல்லும். ஆகவே மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆவது பிரிவின் கீழ் இரண்டு உரிமையாளர்களையும் இரண்டு இன்சூரன்ஸ் கம்பெனிகளையும் எதிர்மனுதாரர் ஆக்குங்கள். அத்தை நடைபாதையில் உட்கார்ந்திருந்தவர். அவர்மேல் பங்குத் தவறு, அதாவது விபத்தில் அவர் தவறும் கொஞ்சம் உண்டு என்று, சொல்ல இடம் குறைவு. நடைபாதையில் கடை போட்டதே தப்பு என்று ஒரு வாதம் வரும். பயப்பட வேண்டாம். அங்கே கடை போட்டதால் ஆட்டோ ஏறவில்லை.

பதினேழு வயதுப் பையன், லைசன்ஸ் இல்லை, அதனால் நாங்கள் கட்ட மாட்டோம் என்று பைக்கின் இன்சூரன்ஸ் சொல்லும். ஸ்வரண் சிங் வழக்கு, 2004-இலிருந்து பெரும்பாலும் நடப்பது, கம்பெனி முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கட்டிவிட்டு அப்புறம் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்வது. இன்சூரன்ஸே இல்லை என்றால் பைக்கின் உரிமையாளர், அதாவது அப்பா, கையிலிருந்து கட்ட வேண்டும். அந்த நிலையில் ஆட்டோவின் பாலிசிதான் கைகொடுக்கும். அதையும் சேர்க்கச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

யாருடைய தவறு என்றே கேட்காமல் பணம் தரும் வழியும் இருக்கிறது: அதே சட்டத்தின் 164-ஆவது பிரிவு. கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம், மரணத்துக்கு 5 லட்சம். அது உடனடி ஆறுதல்தான். ஆனால் அந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால் 166 மனு அதோடு முடிந்துவிடும். கால் இப்படி ஆகிவிட்ட ஒருவருக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன், ஆட்டோ பைக் இரண்டின்மேலும் தவறை நிரூபிக்க வழியே இல்லை என்றால் ஒழிய.

விரல்கள் விஷயம். இன்சூரன்ஸ் வக்கீல் இதைத்தான் பிடித்துக்கொள்வார்: விரல் போனது சர்க்கரையால், விபத்தால் அல்ல. காயப்படுத்தியவன், காயப்பட்டவர் எப்படிப்பட்ட உடம்போடு இருந்தாரோ அந்த உடம்போடு அவரை ஏற்க வேண்டும் என்பது நஷ்டஈட்டுச் சட்டத்தில் ஊறிப்போன விதி. குற்றச் சட்டத்திலும் அதே சிந்தனை உண்டு: ஏற்கெனவே நோயில் இருப்பவரைக் காயப்படுத்தி மரணத்தைச் சீக்கிரமாக்கினால் காயப்படுத்தியவரே மரணத்தை விளைவித்தவர் என்று நியாய சன்ஹிதாவின் 100-ஆவது பிரிவின் விளக்கம் சொல்கிறது. சாட்சிக்கூண்டில் இது எப்படி நடக்கும் என்றால், சர்க்கரை இல்லாவிட்டால் விரலை எடுத்திருப்பீர்களா என்று டாக்டரிடம் எதிர்த்தரப்பு கேட்கும். இல்லை என்பார் டாக்டர், அது உண்மைதான். அங்கேயே விட்டுவிட்டால் போச்சு. உங்கள் வக்கீல் எழுந்து, எலும்பு முறிந்து அந்தப் புண் வராவிட்டால் விரலை எடுத்திருப்பீர்களா என்று கேட்க வேண்டும். அதற்கும் இல்லை என்பார். விபத்துக்கு முந்தைய சர்க்கரை ரிப்போர்ட்டுகள், காலில் அதற்கு முன் புண் இல்லை என்று காட்டும் ஓ.பி. சீட்டு எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். டிரெஸ்ஸிங்குக்குப் போன ரசீதுகளும் வேண்டும், இல்லாவிட்டால் சரியாகக் கவனிக்காமல் விட்டார்கள் என்று பழி வரும்.

சங்கிலிக்கு ஒரு எல்லையும் உண்டு. எதிர் வீட்டில் சத்தம் கேட்ட ஒருவர், அதிர்ச்சியில் எனக்கும் உடம்பு கெட்டது என்று வந்தால் கிடைக்காது. எடின்பரோவில் டிராமிலிருந்து இறங்கி மீன் கூடையை எடுத்துக்கொண்டிருந்த ஒரு கர்ப்பிணி, கண்ணுக்கு மறைவில் ஒரு மோட்டார் சைக்கிள் மோதிய சத்தத்தில் அதிர்ந்து குழந்தையை இழந்தார். அவர் நிற்கும் இடத்தில் கேடு வரும் என்று ஓட்டுபவர் எதிர்பார்த்திருக்க முடியாது என்று 1942-இல் பிரிட்டனின் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை மறுத்துவிட்டது. அத்தை அந்த எல்லைக்கு வெளியே இல்லை. எதிர்த்திசையில் ஒற்றைச் சக்கரத்தில் வருகிறவன், எதிரே வருகிற வண்டி ஒடிக்கும், ஒடித்தால் ஓரத்தில் இருப்பவர்மேல் ஏறும் என்பதை எதிர்பார்த்தே ஆக வேண்டும்.

இத்தனையும் உங்கள் பக்கம் இருக்கும்போது எங்கே தோற்பீர்கள்? காகிதத்தில்.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில், போலீஸ் கேஸாகும் காயங்களுக்கு எழுதும் எம்.எல்.சி. பதிவின் வரி. 'ஆட்டோ மோதி' என்று இரண்டு வார்த்தைதான் எழுதுவார்கள். அதை வாங்கிப் பாருங்கள். வாகன ஆய்வாளரின் அறிக்கை பைக்கில் சேதம் இல்லை என்று சொல்லும், அல்லது பைக்கையே பார்த்திருக்காது. சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் ஸ்பாட் மகஜரிலும் ஸ்கெட்சிலும் ஆட்டோ ஏறிய கோடு மட்டும் இருக்கும். அப்புறம் புகார். நம் ஜனங்கள் பலருக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்ததில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள்; அதில் பைக் இல்லை என்பது ஒன்றரை வருஷம் கழித்துக் குறுக்கு விசாரணையில்தான் தெரியும். புகாரைப் படித்துக் காட்ட வேண்டும், எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 173-ஆவது பிரிவில் உள்ள உரிமை. கன்னடம் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் வரிக்கு வரி கேளுங்கள்.

உங்கள் கேஸில் அது ஏற்கெனவே பதிவாகிவிட்டது. அதனால் இப்போதே விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் ஒரு மனுக் கொடுங்கள், ஒப்புகை முத்திரை வாங்குங்கள். அதில் 'அதிவேகமாக வந்தான்' என்று மட்டும் எழுதாதீர்கள். வேகம் என்பதே தாறுமாறு ஆகிவிடாது என்று 1998-இல் நம் கர்நாடகத்து சதீஷ் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லி டிரைவரை விட்டிருக்கிறது. பார்த்ததை எழுதுங்கள்: முன்சக்கரம் தரையில் இல்லை, எதிர்த்திசை, எந்தக் கடைக்கு எதிரில் வந்தபோது ஆட்டோ ஒடித்தது, ஒடிக்காவிட்டால் பைக் எங்கே மோதியிருக்கும். ஆட்டோக்காரர்தான் உங்களுக்குச் சிறந்த சாட்சி. அவரிடம் நேரில் போய்ப் பேசுங்கள், அவருக்கும் இது நல்லது. கடைகளின் கேமராப் பதிவு சில நாட்களிலோ வாரங்களிலோ தானாக அழிந்துவிடும். இன்றைக்கே கடைக்காரரிடம் நகல் கேளுங்கள், அது சாட்சியமாக ஏற்கப்பட பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழும் வேண்டும். சாலையில் உள்ள போலீஸ் கேமராப் பதிவைப் பாதுகாக்கும்படி அதே மனுவில் கேளுங்கள். பையனின் நண்பர்கள் வீலிங்கை வீடியோ எடுத்துப் போட்டிருந்தால் அழிப்பதற்குள் சேமித்துவிடுங்கள். போலீஸ் அசையாவிட்டால் மேலதிகாரிக்கு எழுதிவிட்டு, மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும்.

தீர்ப்பாய மனுவுக்கு விபத்து நாளிலிருந்து ஆறு மாதம் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. அதைத் தாண்டவே விடாதீர்கள். பெங்களூரில் இதைச் சிறு வழக்கு நீதிமன்ற நீதிபதிகள் விசாரிக்கிறார்கள். அத்தைக்குச் சம்பளச் சீட்டு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். வருமானத்துக்கு ஆதாரம் இல்லாதவர்களுக்கு விபத்து நடந்த வருஷத்தை வைத்து ஒரு தொகையை எடுத்துக்கொள்ளும் பட்டியல் கர்நாடகத்தில் பழக்கத்தில் இருக்கிறது. ஆனால் பூ மார்க்கெட்டில் வாங்கிய சீட்டு, சங்க அட்டை, வியாபாரி அடையாள அட்டை எது இருந்தாலும் சேருங்கள். வருமான இழப்பைக் கணக்கிட வருஷ வருமானத்தை ஒரு எண்ணால் பெருக்குவார்கள்; 52 வயதுக்கு அந்த எண் 11, அது சரளா வர்மா வழக்கில் 2009-இல் நிர்ணயமானது. ஊனச் சதவீதத்தை டாக்டர் சொல்வதோடு விடக் கூடாது. ஒரே ஊனம் குமாஸ்தாவின் சம்பாத்தியத்தைத் தொடாது, தச்சரின் பிழைப்பையே முடித்துவிடும் என்று ராஜ்குமார் எதிர் அஜய்குமார், 2010-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போய்க் கூடை தூக்கி, நாள்முழுக்கக் காலை மடக்கி உட்கார்ந்து தொடுக்கிறவருக்கு அந்தக் கால் என்ன என்பதை அத்தையே தன் வாயால் சொல்லட்டும்.

கடைசியாக அப்பாவின் ஐம்பதாயிரம். ஆஸ்பத்திரிச் செலவு நெருக்கும்போது வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. அவர் நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். விபத்துக்கும் பைக்குக்கும் சம்பந்தமில்லை, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற இரண்டு வரி அதில் நிச்சயம் இருக்கும். 281 சமரசத்தில் முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலிலும் இல்லை, அதனால் அந்தக் காகிதம் அவருக்குக்கூட முழுப் பாதுகாப்பு தராது. உண்மையாகவே உதவ நினைத்தால் பணத்தை அத்தையின் வங்கிக் கணக்கில் போடட்டும். நீங்கள் 'மருத்துவச் செலவுக்காகப் பெற்றது, உரிமைகளை விட்டுக்கொடுக்காமல்' என்று ரசீது கொடுங்கள். தீர்ப்பாயத்திலும் அதை மறைக்காமல் சொல்லுங்கள், அவர் தர வேண்டிய தொகையில் அதைக் கழித்துக்கொள்வார்கள்.